தண்ணி பாய் நாயைக் கூப்பிட மாட்டார்

எனக்கு நாய் பிடிக்காது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஈ.சி.ஆர். ஓரத்தில் டிபன் கடை வைத்திருக்கிறவள் நாயைக் கொஞ்சிக்கொண்டிருந்தால் கடைக்கு எவன் வருவான்? ராணி ஒரு தெருநாய். கடைக்குப் பின்னால் கிடந்தாள், நான் மிச்ச இட்லியைப் போட்டேன், அவ்வளவுதான். அவளுக்குப் பெயர் வைத்ததுகூட நான் இல்லை, லாரி டிரைவர் ஒருத்தர். அவளைத் தேடி உப்பளத்து வரப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓடியது மட்டும் நான்தான்.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் தண்ணி பாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் பக்கம் கேன் தண்ணி போடுவது வேறு ஆள். நல்ல பையன்தான், ஆனால் வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே ஹாரனை அமுக்க ஆரம்பித்துவிடுவான். அவன் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பாய் ஞாபகம் வந்துவிடுகிறது.

பாயின் வண்டியிலும் ஹாரன் இருந்தது. அது அலறி நான் கேட்டதில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பி, வழியெல்லாம் கேன் போட்டுக்கொண்டு மரக்காணம் வரைக்கும் வருவார். என் கடைக்கு எதிரே வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்துவார். இறங்கி, கைலியைச் சரிசெய்துகொண்டு, சும்மா நிற்பார். நான் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் நிற்பார்.

"ஒரு குரல் குடுத்தா என்னா பாய்? எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?"

"நீ வேலையா இருக்கிற. தண்ணி என்னா ஓடியா போயிடப் போவுது?"

இத்தனைக்கும் அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழுவெளிச் சதுப்பு ஏரி, நடுவில் உப்பளம். வாயில் வைத்தால் அத்தனையும் உப்பு. போர் போட்டாலும் உப்பு. அதனால் கேன்காரர் ஒரு நாள் வராவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம்தான். பாய் அதற்கு முன்னால் வளைகுடா நாட்டில் பல வருஷம் பாலைவனத்தில் ஒட்டகப் பண்ணைகளுக்குத் தண்ணி லாரி ஓட்டியவர். "அங்கயும் தண்ணி வண்டி, இங்கயும் தண்ணி வண்டி. எதுக்குத்தான் பிளேன் ஏறி வந்தேனோ!" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். அந்த வெயிலையெல்லாம் தாங்கிய மனுஷன் நம்மூர் மார்கழிப் பனிக்கு மஃப்ளரைத் தலையோடு சுற்றி, அதற்கு மேல் தொப்பியை வைத்துக்கொண்டு வருவார். பார்த்தால் சிரிப்பு வரும்.

பாய் நாயைத் தொட மாட்டார். நாய் எச்சில் பட்டுவிட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணைக் கரைத்துப் போட்டுக் கழுவ வேண்டும், அப்புறம்தான் தொழுகைக்கு நிற்க முடியும். "எங்க வீட்ல அத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான் தங்கச்சி" என்பார். இது தெரியாத ராணி அவர் காலைப் பார்த்தாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவாள். பாய் தோளில் கேனோடு இந்தப் பக்கம் ஒரு குதி, அந்தப் பக்கம் ஒரு குதி. "ஏய், தள்ளிப் போ தாயீ! லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு!" கடையில் சாப்பிடுகிறவர்களெல்லாம் இலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆனால் ராணிக்கு ஏன் அவர்மேல் அத்தனை பாசம் என்று கேட்டால் காரணம் அவரேதான். உடைந்துபோன கேன்களின் அடிப்பாகத்தை அறுத்துத் தொட்டி மாதிரி செய்து, வழியெல்லாம் வைத்திருந்தார். கீழ்புத்துப்பட்டில் ஒன்று, எங்கள் கடைப் பின்புறம் ஒன்று, உப்பளத்து முனையில் ஒன்று. வரும்போதெல்லாம் கையை எட்டின மட்டும் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, அதில் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். நாய் குடித்ததா இல்லையா என்றுகூட நின்று பார்க்க மாட்டார்.

"தொடத்தான் மாட்டேன். தண்ணி வைக்கிறதுக்கு என்னா?"

தொலைந்துபோன நாய்களைப் பிடித்துத் தருகிறவர் என்று அவருக்குப் பெயர் வந்தது இப்படித்தான். பிடித்துத் தருகிறவர் என்பது தப்பு. அவர் எதையும் பிடித்ததே இல்லை.

எங்கள் பக்கம் மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்ததும் வெளியூர்க்காரர்கள் கார் போட்டு வருவார்கள், கழுவெளியில் பறவை பார்க்க. பாதிப் பேர் நாயையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். நாய்க்குப் பறவையைக் கண்டால் போதும், இல்லை ஒரு வெடிச்சத்தம் போதும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். அப்புறம் அந்தப் பக்கம் மனுஷ நடமாட்டமே கிடையாது. சேறு, தண்ணீர், வேலிக்காத்தான் முள், காலையில் எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாத பனி. பழக்கமில்லாத நாய் அங்கே போனால் அவ்வளவுதான்.

அப்படி ஒரு தம்பதி, குயிலாப்பாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர்கள், ஒரு சடை நாயைத் தொலைத்துவிட்டு என் கடை முன்னால் வந்து நின்றார்கள். அந்தப் பெண்ணுக்குக் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போயிருந்தது. நான் டீ கொடுத்தேன். பாய் கேன் இறக்க வந்தவர், விஷயத்தைக் கேட்டார்.

"எங்க பாத்தீங்க கடைசியா?"

கைகாட்டினார்கள்.

"சரி. இனிமே கூப்பிடாதீங்கம்மா. கூப்பிட்டா போயிடும்."

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் வளர்த்த நாய், அவள் கூப்பிட்டால் வராமல் போகுமா? பாய் தர்க்கம் பண்ணவில்லை. அவள் போட்டிருந்த சால்வையை மட்டும் கேட்டார். மூன்று பேரும் போனார்கள். அப்புறம் அந்தப் பெண்ணே என்னிடம் வந்து சொன்னாள். தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்து, பக்கத்தில் சால்வையை வைத்துவிட்டு, பாய் கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாராம். இவர்களையும் அப்படியே உட்காரச் சொன்னாராம். சட்டைப் பையிலிருந்து பொறை ரொட்டியை எடுத்து நிதானமாகக் கடித்தாராம். ஒரு வார்த்தை கிடையாது. எத்தனையோ நேரம் கழித்துப் பின்னால் தண்ணீரை நக்குகிற சத்தம் கேட்டதாம். அதைச் சொல்லும்போதும் அந்தப் பெண் அழுதாள். நன்றி சொல்வதாக நினைத்து நாயைத் தூக்கி அவர் கையில் கொடுக்கப் போயிருக்கிறாள். பாய் வரப்பிலேயே ஒரு தாண்டு தாண்டியிருக்கிறார்.

"அது எப்பிடி பாய்?" என்று நான் கேட்டேன்.

"பயந்த நாய்க்கு சொந்தக்காரன் குரலும் அடையாளம் தெரியாது தங்கச்சி. தொரத்துறான்னுதான் நினைக்கும். நாம ஒண்ணும் கேக்காம உக்காந்தா, அதுவே யோசிச்சிட்டு வரும். எங்க வீட்டு அம்மாவும் அப்பிடித்தான். கோவிச்சிக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போச்சுன்னா, நான் போய் கூப்பிட மாட்டேன். வாசல்ல வண்டிய போட்டுட்டு முதுக காட்டிக்கிட்டு உக்காந்துப்பேன். சாயங்காலத்துக்குள்ள பையோட வண்டில ஏறி உக்காந்திருக்கும்."

"இத அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"ஐயோ, என் சோத்துல மண்ண போட்டுடாத!"

அப்புறம் எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது நாய் காணோம் என்று போட்டோ போட்டால், கீழே முதலில் வருவது பாயின் வாய்ஸ் மெசேஜ்தான். "அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். கூப்பிடாதீங்க. தொரத்தாதீங்க. தண்ணி வைங்க. வர்றேன்." எல்லாவற்றுக்கும் அதே மெசேஜ்தான்.

இத்தனையும் நான் பக்கத்தில் இருந்து கேட்டவள். ஆனாலும் என் வீட்டு நாய் தொலைந்தபோது எல்லாம் மறந்துபோய்விட்டது.

அது மார்கழிக் கடைசி. ராணி நான்கு குட்டி போட்டிருந்தாள், ஒன்றும் கண் திறக்கவில்லை. குட்டி போட்டபின் அவளுக்குக் காய்ச்சல் மாதிரி வந்து, சோறு எடுக்காமல் சுருண்டுகொண்டாள். என் வீட்டுக்காரர் உப்பள வேலைக்காரர். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அவர்தான் ராணியை ஷேர் ஆட்டோவில் போட்டு, உப்பளத்துக்கு அந்தண்டைப் பக்கம் உள்ள மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டுத் திரும்பி வருகிற வழியில் பக்கத்தில் ஒரு லாரி டயர் வெடித்தது. ராணி ஆட்டோவிலிருந்து எகிறிக் குதித்து, ரோட்டை விட்டிறங்கி, உப்பளத்துப் பக்கம் ஓடியே போய்விட்டாள்.

அவர் வெறும் கையோடு வந்து நின்றபோது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! "ஒரு நாய புடிச்சுக்கத் தெரியல, நீயெல்லாம்..." என்று ஆரம்பித்து என்னென்னவோ சொல்லிவிட்டேன். அந்தாள் போய்க் குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். குட்டிகள் அட்டைப் பெட்டிக்குள் சாக்கின் மேல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கத்தின. பாலில் தண்ணீர் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டேன். மூன்று எப்படியோ குடித்தன. ஒன்று, வெள்ளைக் கால் உள்ளது, வாயைத் திறக்கவே இல்லை. தாய் வராவிட்டால் இது முதலில் போகும், அப்புறம் மற்றதும் போகும் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் என் வீட்டுக்காரர் தன்னோடு வேலை செய்கிற ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். வரப்புக்கு ஒரு ஆளாக நின்று "ராணீ! ராணீ!" என்று ஊரே கேட்கிற மாதிரி கத்தினோம். ஒரு தடவை பார்த்தும் விட்டோம். தூரத்தில் ஒரு வரப்பில் எலும்பும் தோலுமாக நின்றாள். சந்தோஷத்தில் எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் ஓடினோம். அவள் எங்களைப் பார்த்தாள். திரும்பி, வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிட்டாள். நான் பெற்ற பிள்ளை என்னை யாரென்று கேட்டது மாதிரி இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் பாய் வந்தார். நான் தோசைக் கல்லுக்கு முன்னால் இல்லாமல் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, தானே உள்ளே வந்து கேட்டார். சொன்னேன்.

"எத்தன பேரு போனீங்க?"

"எல்லாரும்தான் பாய். உப்பளத்து ஆளுங்க எல்லாம் வந்தாங்க, பாவம்."

பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "தங்கச்சி, இப்ப உப்பளத்துல என்னா வேல நடக்குது?"

"பாத்தி மிதிக்கிறாங்க."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தை பிறந்தால் உப்பு எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் மழைத்தண்ணீரை இறைத்துவிட்டு, பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அதன்மேல் ஒரு நாய் நடந்தால் அத்தனை வேலையும் பாழ். அதனால் நாயைக் கண்டால் உப்பளத்து ஆட்கள் வரப்பில் நின்று கையை ஆட்டிக் கத்துவார்கள், மண்ணாங்கட்டியை எடுத்து எறிவார்கள். அந்தப் பக்கத்து நாய்களுக்கெல்லாம் இது தெரியும். அதே ஆட்கள், அதே குரல், அதே கை. ராணியைத் துரத்துகிறவர்களையே கூட்டிக்கொண்டு போய் ராணியைத் தேடியிருக்கிறோம்!

"அது தொலைஞ்சே போவல தங்கச்சி. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்குது. நாமதான் நடுவுல நின்னு விட மாட்டேங்கிறோம்" என்றார் பாய். "குட்டிங்க படுத்திருக்குதே, அந்தச் சாக்க எடு. வேற யாரும் வர வேணாம்."

என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். உட்கார்ந்துவிட்டார். குட்டிகளைப் பழைய புடவையில் சுற்றி அவர் மடியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. பாய் தோளில் ஒரு கேன், கையில் ஒரு தொட்டி. எங்கள் வீட்டுப் பக்கம் வருகிற வரப்பின் முனையில் தொட்டியை வைத்து, கேனிலிருந்து சளசளவென்று சத்தம் வரும்படி மெதுவாக ஊற்றினார். "மழை விட்டு நாளாச்சு. உப்பளத்துக்குள்ள குடிக்க ஒரு சொட்டு கெடையாது. இந்தச் சத்தம் அதுக்குத் தெரியும்" என்று காதோடு சொன்னார். பக்கத்தில் சாக்கை விரித்தார். இருவரும் கொஞ்சம் தள்ளி வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தோம்.

எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தொண்டைக்குள் "ராணி" என்று நிற்கிறது. பாய் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, போனை எடுத்து, செல்ஃபி எடுக்கிற மாதிரி தூக்கிப் பிடித்தார். அவர் மஃப்ளரும் என் அழுத மூஞ்சியும் அதில் தெரிந்தன. எங்களுக்குப் பின்னால் வெறும் வெள்ளை. பாய் எனக்கு ஒரு பொறை கொடுத்தார். சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே உள்ளுக்குள் மாரியாத்தாவைக் கூப்பிட்டேன். பாயின் உதடும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த வெள்ளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. நின்றது. மூக்கைத் தூக்கியது. பாய் அசையவில்லை. புள்ளி நாயாகி, ராணியாகி, வரப்பின் மேல் தள்ளாடித் தள்ளாடி வந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். ஆனால் அந்த இடத்தில் மழையில் வரப்பு உடைந்து, வாய்க்கால் உள்ளே புகுந்திருந்தது. அது எங்கள் இருவருக்குமே தெரியாது. ராணி தாண்டினாள். இரண்டு நாள் பட்டினி கிடந்த உடம்பு, தாண்டவில்லை. பொத்தென்று சேற்றில் விழுந்தாள். முன்னங்காலால் பிராண்டினாள், வயிறு வரைக்கும் இறங்கினாள், முதுகு வரைக்கும் இறங்கினாள்.

"பாய்!" என்று கத்தியேவிட்டேன்.

நான் எழுவதற்குள் அவர் வாய்க்காலுக்குள் இருந்தார். மஃப்ளர் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். இடுப்பளவு சேற்றில் நடந்துபோய், இரண்டு கையையும் அவள் வயிற்றுக்கடியில் கொடுத்து, ஒரு தூக்குத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். ராணி கடிக்கவில்லை. அவர் தாடி, கன்னம், மூக்கு என்று நக்கித் தள்ளிவிட்டாள். "சரி தாயீ, சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே ஏறி வந்தார். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"உடு. உன் மேல ஏன் சேறு?"

கடை வரைக்கும் அவர்தான் தூக்கி வந்தார். தண்ணீர் காட்டினோம், தொட்டியில் பாதியைக் காலி செய்தாள். என் வீட்டுக்காரர் புடவையைப் பிரித்தார். ராணி குட்டிகளை மோந்து பார்த்து, ஒவ்வொன்றாக நக்கி, அப்படியே சாய்ந்தாள். மூன்று உடனே பிடித்துக்கொண்டன. வெள்ளைக் கால் குட்டியை நான் எடுத்து அதன் வாயை ராணியின் மடியில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சின்ன இழுப்பு, இன்னொரு இழுப்பு. பால் இருந்தது! நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இரண்டு நாளுக்கு அப்புறம் அப்போதுதான் பேசினோம். "டீ போடு" என்றார்.

வெளியே வந்தால் பாய் வேப்பமரத்தடியில் கையை அகட்டிக்கொண்டு நிற்கிறார், எதன் மேலும் படக்கூடாது என்று. தலை முதல் கால் வரை சேறும் நாய் முடியும்.

"குடிக்குதா எல்லாம்?"

"நாலும் குடிக்குது பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பெருமூச்சு விட்டார். "சரி, ஒரு கேன ஒட. ஊத்து."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பாய், உங்களுக்கு... ஏழு தடவையாச்சே..."

"கழுவினா போவுது. இதுக்கா அழுவுற?"

செம்பை எடுத்துக்கொண்டு வந்தேன். "மண்ணு ஒரு தடவ ஆயிடுச்சு பாய், மீதி ஆறுதான்" என்றேன்.

"இது உப்புச் சேறு. கணக்குல வருமா வராதான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டதான் கேக்கணும். நீ நல்ல மண்ணா ஒரு கை கொண்டா."

கொண்டுவந்தேன். கரைத்துத் தேய்த்துக்கொண்டார். அந்தப் பனியில் அந்தத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் மனுஷன் தோளைக் குறுக்கிக்கொண்டு "ஹூ! ஹூ!" என்றார். நான் எண்ணிக்கொண்டே ஊற்றினேன். அவரும் எண்ணினார், நான் கணக்கில் ஏமாற்றிவிடுவேன் என்று பயம். கேன் காலியாகி இன்னொரு கேனை உடைத்தோம். ஆறு முடிந்தது. ஏழாவதுக்குச் செம்பைச் சாய்த்தேன்.

பின்னால் இருந்து ராணி வந்தாள். குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்டு, சுவரில் உரசிக்கொண்டே மெதுவாக நடந்து வந்து, பாயின் காலை அடிமுதல் முட்டிவரை நிதானமாக நக்கினாள்.

அவர் குதிக்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் செம்பை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"எப்பிடியும் முதல்லேர்ந்துதானே ஊத்தப் போற" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஈரக் கையை ராணியின் தலையில் வைத்தார். காதுக்குப் பின்னால், கழுத்தில், முதுகில் என்று ஆசைதீரத் தடவிக் கொடுத்தார். ராணி கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாரோ, நானும் அவரைக் கூப்பிடவில்லை. அப்புறம் தானாகவே எழுந்து கையை நீட்டினார்.

"ம், மண்ண எடு தங்கச்சி. ஒண்ணு."